பம்புக்குப் பதிலா வந்த நுரையீரல்

கேக்கறீங்கன்னா சொல்றேன், ஆனா நடுவுல "அதெப்படிங்க"ன்னு மட்டும் கேக்காதீங்க, எப்படின்னு எங்களுக்கும் தெரியாது, ஒக்காந்து யோசிக்க எங்களுக்கு நேரமும் இல்ல; மொத நாள் இரும்பு ஊத்துன பாக்ஸை மறுநா காலையில பிரிச்சாகணும், பிரிச்ச மண்ணுல தண்ணி தெளிச்சுக் கெளறியாகணும், கெளறுன மண்ணை மறுபடி பாக்ஸுல கொட்டி இடிச்சாகணும், இப்படி ஓடற எடத்துல எவன் எப்படின்னு கேட்டுட்டு நிப்பான். ஆடி நோம்பி முடிஞ்சு வேலை தொடங்குன மறுநா காலையில, கோயமுத்தூர்ல எங்க பவுண்டரியில, சென்னியப்பண்ணன் இடிச்சு வெச்ச பாக்ஸைப் பிரிச்சாங்க, பிரிச்சா கெணத்துப் பம்போட ஒடம்பு இருக்க வேண்டிய எடத்துல ஒரு ஜோடி நுரையீரல் கெடந்துச்சு. இரும்பு நுரையீரல். கறிக்கடையில கொக்கியில தொங்குமே, அதே மாதிரி மேல கொழாய், கொழாய் ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் எறங்கற மடல், எல்லாம் மண்ணு ஒட்டுனபடிக்கு இன்னும் சூடு ஆறாம கெடந்துச்சு.

ஒருத்தரும் அலறல, ஓடல. போர்மேன் தேவராசு வந்து பாத்துட்டு, "எவன்டா பேட்டனை மாத்தி வெச்சது"ன்னு திட்டுனாரு. பேட்டன்னா மரத்துல செஞ்ச அச்சுங்க, அதைப் பாக்ஸுங்கற இரும்புச் சட்டத்துக்குள்ள இருக்கற மண்ணுல பதிச்சு எடுத்துட்டு அந்தப் பள்ளத்துலதான் இரும்பு ஊத்தறது. பேட்டனை எடுத்துப் பாத்தா பம்பு பேட்டன்தான். சரி, மண்ணு சரிஞ்சிருக்கும்னு ஒருத்தரு சொன்னாரு, இரும்பு சூடு பத்தலைன்னு இன்னொருத்தரு சொன்னாரு, அதோட அவங்கவங்க வேலையைப் பாக்கப் போயிட்டாங்க.

நான் மரகதம். கோர் ரூம்ல வேலை. பம்புக்குள்ள தண்ணி ஓடறதுக்குக் காலி எடம் வேணுமில்லீங்களா, அந்தக் காலி எடத்தோட உருவத்தைச் சன்ன மண்ணுல புடிச்சு, சுட்டுக் குடுக்கறோம், அதுக்குப் பேருதான் கோரு. ஆம்பளைங்க பம்பு செய்யறாங்க, நாங்க பம்போட ஓட்டையைச் செய்யறோம்னு எங்க செட்டுல சொல்லிச் சிரிச்சுக்குவோம். எங்கூட்டுக்காரரு திருமூர்த்தி, மோல்டரு, அதாவது பாக்ஸுல மண்ணு இடிக்கறவரு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து ரெண்டு பேரும் ஒரே கேட்டுல நொழைஞ்சு ஒரே கேட்டுல வெளிய வர்றவங்க.

இப்பச் சென்னியப்பண்ணன் வார்ப்புக்கு வர்றேன். பவுண்டரிக்காரங்களுக்கு ஒரு வார்ப்பைக் கையில குடுத்தாப் போதும், சுத்தியல்ல லேசாத் தட்டுவாங்க, சத்தத்தைக் கேப்பாங்க, வெரலால தடவுவாங்க, எங்க மண்ணு சேந்திருக்குது, எங்க காத்து நின்னு ஓட்டை விழுந்திருக்குதுன்னு கண்ணை மூடிட்டுச் சொல்லிருவாங்க. அந்த நுரையீரலையும் அப்படித்தான் தட்டுனாங்க. மேல் மடல் ரெண்டுலயும் மொச்சைக் கொட்டை மாதிரி மண்ணுக் கட்டி கட்டியா ஏறியிருந்துச்சு. ஓட்டைக்குப் பீடிதான் காரணம்னு பின்னாலதான் தெரிஞ்சுது, சென்னியப்பண்ணன் பீடி தொட்டதே இல்ல, அதனால ஓட்டை ஒண்ணும் இல்ல, மண்ணு மட்டுந்தான். "நல்ல வார்ப்புதான், மண்ணு சேந்து கெட்டுப்போச்சு"ன்னு தேவராசு சொன்னாரு, கெட்டுப்போன வார்ப்பை என்ன பண்ணுவமோ அதையே பண்ணச் சொன்னாரு. கருப்பசாமின்னு ஒருத்தன், ஆளு வாட்டசாட்டமா இருப்பான், அவனுக்கு வேலையே கெட்ட வார்ப்பைச் சம்மட்டியில ஒடைச்சுத் திருப்பி ஒலையில போடறதுதான். அவன் ஓங்கி ஒரே போடு போட்டான்.

கேட்டுப் பக்கத்துல டீ குடிச்சுட்டு இருந்த சென்னியப்பண்ணன் டம்ளரைக் கீழ வெச்சுட்டு அப்படியே குத்த வெச்சு ஒக்காந்தாரு. "யாருப்பா அங்க அடிக்கறது, கொஞ்சம் நிறுத்தச் சொல்லுங்க"ன்னாரு. மத்தியானம் அந்தத் துண்டெல்லாம் ஒலையில உருகி, வேற பம்புக்கு ஊத்தியாச்சு. அந்த வாரம் முடியறதுக்குள்ள அவரு போயிட்டாரு. கடைசி ரெண்டு நாளும் சன்னலைத் தெற சன்னலைத் தெறன்னு கேட்டுட்டே இருந்தாருங்க, சன்னலு கதவு எல்லாம் தெறந்துதான் இருக்குதுன்னு அவரு சம்சாரம் சொல்லிச் சொல்லி அழுதாங்க. அவருக்கு நெஞ்சு நோவு எப்பவோ முத்திப்போச்சு, சம்மட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு ஆசுபத்திரியில சொன்னாங்களாம். அவங்க சொல்லுவாங்க, அவங்க அந்தச் சத்தத்தைக் கேக்கல.

அதுக்கப்பறம் வரிசையா வர ஆரம்பிச்சுது. இன்னிக்கு ஒருத்தரு பாக்ஸுல, நாலு நாள் கழிச்சு இன்னொருத்தரு பாக்ஸுல, எவரு மண்ணு இடிச்சாரோ அவருது. ஒருத்தருக்கு ஒரு தடவைதான் வரும், வந்துட்டா அப்பறம் அவரு பாக்ஸுல ஒழுங்கா பம்புதான் வரும். எதையும் ஒடைக்கக் கூடாது, அவனவனுதை அவனவன் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிரணும்னு ஒரு பேச்சாச்சு. சாக்குல சுத்திச் சைக்கிள் கேரியர்ல கட்டிக் கொண்டு போனாங்க. மொதலாளி அர்த்தநாரி ஒரு நாள் வந்து தலையில கை வெச்சுக்கிட்டு நின்னாரு, ஆளு நல்லவருதான், கெட்டவரில்ல, ஆனா பம்பு அனுப்ப வேண்டிய தேதி அவரை நெருக்குச்சு. சாயங்காலம் தூசி எறங்கறதுக்குன்னு ஆளுக்கு ஒரு துண்டு வெல்லம் குடுக்கறது எங்க பவுண்டரியில வழக்கம், அதை ஆளுக்கு ரெண்டு துண்டா ஆக்குனாரு. வெல்லம் தொண்டையில எறங்கும், தூசி நெஞ்சுல ஏறும், ரெண்டும் வேற வேற வழிங்கறது அப்ப எங்க யாருக்கும் தெரியாது.

பழகிருச்சுங்க, எதுதான் பழகல. வரிசையா ஒட்டிக் கட்டுன எங்க லைன் ஊடுகள்ல சாமிப் படத்துக்குக் கீழ ஒவ்வொண்ணா ஒக்காந்துச்சு. துரு ஏறக் கூடாதுன்னு வெளக்கெண்ணெய் தடவுனாங்க, வெள்ளிக்கெழமையானா விபூதி பூசிக் குங்குமம் வெச்சாங்க. காலையில எந்திரிச்சதும் பொம்பளைங்க கரண்டிக் காம்பால அதைத் தட்டிச் சத்தம் பாப்பாங்க, நேத்து மாதிரியே கணீர்னு கேக்குதா, இல்ல பொத்துனாப்ல கேக்குதான்னு. விடியக்காலம் எங்க தெருவுல கோலம் போடறதுக்கு முன்னாலயே ஊட்டுக்கு ஊடு டிங்கு டிங்குன்னு கேக்கும். பொண்ணு பாக்க வந்தவங்க, "பையனுதை ஒரு தடவை பாத்தர்லாங்களா"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. ஒரு தரகரு கையில சின்னச் சுத்தியலே வெச்சிருந்தாரு.

பாத்துப் பாத்து எல்லாருக்கும் படிக்கத் தெரிஞ்சுபோச்சு. கட்டி கட்டியா இருந்தா மண்ணு. பஞ்சு மாதிரி ஓட்டை ஓட்டையா இருந்தா பீடி. பீடி குடிக்காத மோல்டருதுல கட்டி இருக்கும், ஓட்டை இருக்காது. பெயிண்ட் அடிக்கற செட்டுல நாள் பூரா பீடி குடிக்கற ஒருத்தரு, ஒரு நாள் யாருக்கோ பதிலா பாக்ஸ் இடிச்சாரு, அவருதுல ஓட்டை இருந்துச்சு, கட்டி இல்ல. மண்ணையும் இடிச்சுப் பீடியும் குடிக்கறவங்களுது இருக்குதே, அதைப் பாக்கவே முடியாதுங்க. ஒண்ணும் ஒண்ணும் ரெண்டுன்னு இல்ல, ரெண்டும் சேந்தா அது வேற கணக்காயிருது.

எங்கூட்டுக்காரரு ரெண்டும். மண்ணு இடிக்கறப்ப மூக்குல கட்டற துணியை மொதலாளி குடுத்திருந்தாரு, பீடி குடிக்கறதுக்குத் தோதா அதைத் தாடையில எறக்கி விட்டுக்குவாரு. மோல்டருங்க யாரும் தீப்பெட்டி வெச்சுக்கறதில்ல, அப்பத்தான் ஊத்துன பாக்ஸுக்கு மேல செவசெவன்னு நிக்கற இரும்புல குனிஞ்சு பத்த வெச்சுக்குவாங்க, குனியறப்ப அந்தப் புகையும் இந்தப் புகையும் சேந்து உள்ள போகும். நான் சொன்னா, "உனக்கென்ன தெரியும், காலையில ஒரு பீடி இழுத்தாத்தான் நெஞ்சுச் சளி கரையுது, சளியோட தூசியும் வெளிய வந்துருது, பீடி இல்லைன்னா நான் எப்பவோ அடைச்சுப் போயிருப்பேன்"னு சொல்லுவாரு. அவரு மட்டுமில்ல, அத்தனை மோல்டரும் அதையேதான் சொல்லுவாங்க, மருந்து குடிக்கறவங்க மாதிரி மொகத்தை வெச்சுக்கிட்டுப் பீடி குடிப்பாங்க.

காலையில பாக்ஸ் பிரிக்கற சத்தம் தொடங்குனா எனக்கு வேற எதுவும் கேக்காது. கோர் ரூம்ல மண்ணு பெசஞ்சுட்டே காதை அங்கதான் வெச்சிருப்பேன். பம்பு வந்தாச் சத்தம் நிக்காம அடுத்த பாக்ஸுக்குப் போகும். வேற ஏதாச்சும் வந்தா எல்லாச் சத்தமும் நின்னுரும், அப்படி நின்ன ஒவ்வொரு தடவையும் என்ற மூச்சும் நின்னு, அவரு பேரு காதுல விழலைன்னு தெரிஞ்சப்பறந்தான் திரும்பி வரும். வேற வேலைக்குப் போலாங்க, காலேஜ் கேட்டுல வாச்மேன் வேலைக்குக் கூப்படறாங்கன்னு கெஞ்சுனேன். "அத்தனை பேரோட வந்தப்பறம் எனக்கு வரலைன்னா என்னை மோல்டருன்னு எவன் மதிப்பான்"னு சிரிச்சாரு, சிரிப்புல பாதி இருமலா வந்துச்சு.

வந்துச்சுங்க. பொரட்டாசியில ஒரு நாள் சத்தம் நின்னுச்சு, நான் எந்திரிச்சேன், தேவராசு "திருமூர்த்தி"ன்னு கூப்பிட்டாரு.

அவரு அதைத் தூக்குனாரு. நாங்கெல்லாம் பாத்துட்டு நின்னோம், ஏன்னா மத்தவங்கெல்லாம் ரெண்டு கையிலயும் அணைச்சு, இடுப்பை வளைச்சுத்தான் தூக்குவாங்க, இவரு ஒத்தக் கையில தூக்கிட்டாரு. அத்தனை லேசு. உள்ள எறும்புப் புத்தாட்டம் ஓட்டைக்குள்ள ஓட்டை, ஓட்டை இல்லாத எடத்துல மண்ணு. தட்டிப் பாத்தாங்க, சத்தமே வரல, தலையணையைத் தட்டுனாப்ல இருந்துச்சு. நான் போயி ஒரு சாக்கை எடுத்துட்டு வந்து விரிச்சேன்.

இப்ப ஒண்ணு சொல்றேன், இதை வேற தொழில்காரங்க யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க. வார்ப்புல ஓட்டை விழுந்தா எல்லாத்தையும் ஒலையில போட்டாக் கட்டுப்படியாகாதுங்க, அதனால சின்ன ஓட்டையா இருந்தா பட்டி வெச்சு அடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, மேல செவப்புப் பெயிண்ட் அடிச்சு அனுப்பிருவாங்க, வாங்க வர்றவன் தடவிப் பாத்தாலும் தெரியாது. எங்காளுங்க அவங்கவங்க நுரையீரலுக்கும் அதையே பண்ணுனாங்க. பொழுது சாயறப்ப லைன் ஊட்டு வாசல்ல ஒக்காந்து, ஆளுக்கொரு பட்டி டப்பாவும் தகடுமா, ஓட்டையெல்லாம் அடைச்சுத் தேச்சுச் செவப்புப் பெயிண்ட் அடிச்சுக் காய வெச்சாங்க. காஞ்சதும் நெஞ்சை விரிச்சு மூச்சு இழுத்துப் பாத்து, "பரவால்லடா மாப்பிள்ள, லேசா இருக்குது"ன்னு சொல்லிக்கிட்டாங்க, சொல்லிட்டு ஆளுக்கொரு பீடி பத்த வெச்சாங்க. எங்கூட்டுக்காரரு பட்டி வெக்கறதுல எல்லாரையும் விடக் கெட்டிக்காரரு. அவரு அடிச்சு முடிச்சப்ப அது அப்பத்தான் கடையில வாங்குனது மாதிரி பளபளன்னு இருந்துச்சு, லேசா இருந்த வார்ப்பு பட்டி ஏறிக் கனமும் ஆயிருச்சு.

"பாத்தியா"ன்னாரு.

நான் பாத்தேன். வாசல்ல இருந்து உள்ள வந்து அதைச் சாமிப் படத்துக்கிட்ட வெக்கறதுக்குள்ள அவருக்கு மூச்சு வாங்குனதையும் பாத்தேன்.

மறுநா லீவு போட வெச்சு, அவரையும் அதையும் கூட்டிட்டுப் பெரியாசுபத்திரிக்குப் போனேன். நெஞ்சு பாக்கற டாக்டரம்மா, சின்ன வயசு, கண்ணாடி போட்டவங்க, சாக்கைப் பிரிச்சுப் பாத்துட்டு ஆச்சரியமே படல, பவுண்டரிங்களா, கல்லு ஒடைக்கற எடத்துல இருந்துகூட வருது, அங்க கல்லுல வருதுன்னாங்க. படம் எடுத்தாங்க. ஒரு கொழாய்ல ஊதச் சொன்னாங்க, அவரு ஊதுன ஊதை அந்த மெஷின் கொஞ்சங்கூட மதிக்கல. அப்பறம் படத்தையும் வார்ப்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கோவிச்சுக்காம நிதானமாச் சொன்னாங்க. நெஞ்சுக்கொழாய்க்குள்ள கண்ணுக்குத் தெரியாத சன்ன மயிரு மாதிரி இருக்குதாம், அதுதான் உள்ள வர்ற தூசியைக் கூட்டிக் கூட்டி மேல தள்ளற தொடப்பம். பீடிப் புகை அந்தத் தொடப்பத்தையே பொசுக்கிருதாம். கூட்ட ஆளில்லாத ஊட்டுல தூசி என்ன பண்ணும், அங்கயே கெடக்கும், அதுலயும் இந்த மண்ணுத்தூசி பொல்லாதது, போற எடமெல்லாம் தழும்பாக்கும், தழும்பான எடத்துல மூச்சு எறங்காது.

"அப்பக் காலையில பீடி குடிச்சாச் சளி வருதேங்க"ன்னு இவரு கேட்டாரு.

"புகை வந்து கீறுது, அதனால சளி ஊறுது. நீங்க அதை மருந்துன்னு நெனைக்கறீங்க"ன்னாங்க.

"இதைச் சரி பண்ணிர்லாங்களா டாக்டரம்மா"ன்னு நான் கேட்டேன். கேக்கறப்பவே எனக்கு அழுகை வந்துருச்சு.

"போனது போனதுதானுங்க. இருக்கறதைக் காப்பாத்தலாம். பீடியை இன்னிக்கே விடணும், நாளைக்கில்ல. மண்ணு வேலையையும் விடணும். மூச்சுக்கு மருந்து தர்றேன், அது தாங்கறதுக்குத்தான், சரி பண்றதுக்கில்ல."

"பட்டி வெச்சிருக்கறேனுங்க"ன்னாரு இவரு, வார்ப்பைக் காட்டி, பெருமையா.

அந்தம்மா அந்தச் செவப்புப் பெயிண்டை வெரலால தடவிப் பாத்தாங்க. "வெளிய வெச்சிருக்கறீங்க"ன்னாங்க.

கேட்டாருன்னா நெனைக்கறீங்க? பஸ்ஸை விட்டு எறங்குனதும் பொட்டிக்கடைக்குத்தான் போனாரு. இது எத்தனை நாளுக்கோ தெரியல, இருக்கற வரைக்கும் இருந்துட்டுப் போறேன், என்னை விடு மரகதம்னாரு. நான் கத்தல. கத்தறதுக்கு எனக்கும் மூச்சு இல்ல, கொஞ்ச காலமாவே தண்ணிக் கொடம் தூக்குனா நெஞ்சு அடைக்குது, வயசாச்சுன்னு நெனச்சு யாருகிட்டயும் சொல்லிக்கல. பொம்பளைங்க மூச்சைப் பத்தி எங்க செட்டுல யாரு பேசுனா, நாங்களே பேசலயே. அவரு மூச்சைக் காவல் காக்கறதே எனக்கு முழு வேலையாயிருந்துச்சு, அவரு பக்கத்துல படுத்துட்டு, உள்ள போனது வெளிய வருதான்னு காதைக் குடுத்துக்கிட்டே கெடப்பேன், பயம்னா அப்படி ஒரு பயங்க.

கார்த்திகை பொறந்த பக்கம் ஒரு நாள், ஊத்தறதுக்கு முன்னால பாக்ஸுல கோரு வெக்கறதுக்காக அவரு வரிசைக்குப் போனேன். கடைசி பாக்ஸு பாதியில நின்னுருந்துச்சு, இவரு தூணுல சாஞ்சு வாயைத் தெறந்து நின்னாரு, ஒதடு ரெண்டும் கருநீலமா இருந்துச்சு. பொம்பளை பாக்ஸு இடிச்சா ஊத்தறப்ப இரும்பு வெடிச்சு மேல தெறிக்கும்னு எங்க பவுண்டரியில ஒரு பேச்சு, அதனால எந்தப் பொம்பளையும் இடிகட்டையைத் தொடறதில்ல. தேவராசு டீ குடிக்கப் போயிருந்தாரு. நான் அவரு கையில இருந்து கட்டையை வாங்கி, மண்ணைக் கொட்டி, மூலையெல்லாம் பாத்து இடிச்சு, மேல வழிச்சு விட்டுட்டேன், பாத்துப் பாத்துத் தெரிஞ்ச வேலைதானே. மத்தியானம் ஊத்துனாங்க, ஒண்ணும் வெடிக்கல. நாங்க ரெண்டு பேரும் அதை அப்பவே மறந்துட்டோம்.

மறுநா காலையில சத்தம் நின்னுச்சு. அவருக்குத்தான் வந்தாச்சே, இனி எனக்கென்ன பயம்னு நான் கோர் தட்டைத் தூக்கிட்டு மெதுவாத்தான் போனேன்.

"என்ன திருமூர்த்தி, உனக்கு ரெண்டாவதா"ன்னு தேவராசு, மறுகோடியில நின்னவரைப் பாத்துச் சத்தம் போட்டுக் கேட்டுட்டு இருந்தாரு. ஒருத்தருக்கு ஒண்ணுதானேன்னு எல்லாரும் குனிஞ்சு பாத்தாங்க. அது மத்தவங்களுதை விடச் சின்னதா இருந்துச்சு. ஒருத்தரு சுத்தியலை எடுத்துத் தட்டுனாரு, வெரலால தடவுனாரு. "மண்ணு இருக்குது, ஆனா நம்ம கருமண்ணு இல்ல. வெள்ள மண்ணு. சன்னம். கோர் மண்ணு"ன்னாரு. அப்பறம் வெரலு ஒரு எடத்துல நின்னுச்சு. "ஓட்டையும் இருக்குது."

"கோர் ரூம்ல பீடி குடிக்கறவ எவ?"

யாருமில்ல. அது எல்லாருக்கும் தெரியும். அத்தனை ஆம்பளைங்களும் அந்த எடத்துல நின்னபடிக்கே கோர் ரூம் பக்கம் திரும்புனாங்க, அங்க ஒருத்தரோட சம்சாரம் ஒக்காந்திருக்குது, ஒருத்தரோட தங்கச்சி, ஒருத்தரோட கட்டிக்குடுக்காத மக. அந்த ஷெட்டுல அவ்வளவு நேரம் யாருமே இருமாம இருந்து நான் பாத்ததில்ல. நாள் பூரா பவுண்டரி, பொழுதானா ஒத்த ரூமு, கதவைச் சாத்திட்டுக் கயித்துக் கட்டில்ல ஒக்காந்து இவங்க ஊதுன புகையெல்லாம் எங்க போச்சுன்னு அன்னிக்கு வரைக்கும் ஒருத்தனும் கேட்டதில்ல.

தேவராசுதான் மொதல்ல சுதாரிச்சாரு. "இது யாருதும் இல்ல, பொம்பளைங்க வர்றதுக்குள்ள ஒடைச்சு ஒலையில போடு"ன்னாரு. கெட்ட எண்ணம்னு சொல்ல மாட்டேன், அவரு மகளும் எங்க கூடத்தான் கோர் புடிக்கறா, அவருக்கு அதைப் பாக்க முடியல. கருப்பசாமி சம்மட்டியைத் தூக்குனான். மொத அடி ஓரத்துலதான் பட்டுச்சு, இரும்புல ஒரு சில்லு தெறிச்சுச்சு. எனக்கு முதுகுல யாரோ ஒலக்கையில போட்ட மாதிரி இருந்துச்சுங்க. தட்டு கை நழுவி, கோரெல்லாம் ஒடைஞ்சு, வாயைத் தெறக்கறேன், காத்து உள்ள வர மாட்டேங்குது. சென்னியப்பண்ணன் கேட்ட சன்னலு என்னன்னு அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுது.

கருப்பசாமி ரெண்டாவது ஓங்கறான். நாலு எட்டு நடந்தா நின்னு மூச்சு வாங்கற மனுசன், அந்த ஷெட்டோட மறுகோடியில இருந்து ஓடி வந்தாரு, மண்ணுக் குமியல்ல விழுந்து, எந்திரிச்சு, வந்து அந்த வார்ப்பு மேல குப்புறப் படுத்துக்கிட்டாரு. பாக்ஸுல இருந்து அப்பத்தான் எடுத்ததுங்க, சூடு ஆறல, சட்டை பொசுங்கற நாத்தம் எங்க எல்லாருக்கும் வந்துச்சு. தூக்கப் போனவங்களைக் கையாலயே வேண்டாம்னு தள்ளுனாரு. ரொம்ப நேரம் பேச முடியல, ஒடம்பு மட்டும் ஏறி எறங்குச்சு.

"என்ற பொண்டாட்டியுது"ன்னாரு.

அன்னிக்கு யாரும் பாக்ஸ் இடிக்கல. அர்த்தநாரி வந்து பாத்துட்டு ஒலையை அணைக்கச் சொன்னாரு. கோர் ரூம்ல இருந்து பொம்பளைங்க எல்லாரும் வந்து, அடுப்படி வேலையைப் பாக்கற மாதிரி நிதானமா, இடிகட்டையை ஆளுக்கொண்ணு எடுத்துத் தூக்கிப் பாத்துட்டுத் திருப்பி வெச்சாங்க. நாளைக்கு இடிக்கறோம்னு சொன்னாங்க, எங்களுதும் எங்களுக்குத் தெரியணும்னாங்க.

ரெண்டு பேரும் ஊட்டுக்கு வந்தோம். என்னுதைச் சாக்குல வெச்சு அவருதான் தூக்கிட்டு வந்தாரு, நாலு எடத்துல ஒக்காந்து ஒக்காந்து. வந்ததும், வயித்துல கொப்புளத்துக்கு எண்ணெய்கூட வெக்க விடல, நேராப் பட்டி டப்பாவை எடுத்தாரு. டப்பாவைத் தெறந்து, தகட்டுல கொஞ்சம் பட்டியை வழிச்சு எடுத்து, ஓட்டைக்குப் பக்கத்துல கொண்டு போனாரு. கை அங்கயே நின்னுருச்சு.

"வெச்சா உனக்கு மூச்சு எறங்குமா"ன்னு கேட்டாரு.

"உங்களுக்கு எறங்குச்சுங்களா"ன்னு கேட்டேன்.

டப்பாவை மூடுனாரு. நான் அடுப்புல ஒலை வெச்சேன். அவரு பழக்கத்துல ஒரு பீடியை எடுத்து வாயில வெச்சு, அடுப்புல பத்த வெக்கறதுக்குக் குனிஞ்சவரு, என்னைப் பாத்துட்டு நிமிந்துட்டாரு. கொள்ளியில ஒரு குச்சியைப் பத்த வெச்சு எடுத்துட்டு வாசலுக்குப் போனாரு. வாசல்ல பக்கத்தூட்டுப் புள்ள ஒக்காந்து வாய்ப்பாடு படிச்சுட்டு இருந்துச்சு. குச்சியைத் தூக்கிப் போட்டுட்டு, பக்கத்தூட்டுல தீப்பெட்டி வாங்கிட்டுத் தெருவுல எறங்குனாரு. நான் வாசப்படியில நின்னு பாத்துட்டே இருந்தேன். தண்ணிக் கொழாய்கிட்ட நின்னாரு, அங்க பொம்பளைங்க கொடத்தோட நின்னாங்க, நகந்துட்டாரு. கோயில் முக்குல நின்னாரு, அங்க யாரோ ஒரு கொழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிட்டு இருந்தாங்க, அங்க இருந்தும் நகந்தாரு. அப்படியே நின்னு நின்னு போனாரு, தெரு முடியற எடத்துல கண்ணுக்கு மறைஞ்சுட்டாரு.

சோறு வெந்து, வடிச்சு, ஆறிப்போன பொறவு வந்தாரு. மூச்சு வாங்கி வாங்கி, கதவு நெலையைப் புடிச்சுட்டு நின்னாரு. பீடி பத்த வெக்காம கையிலயே இருந்துச்சு, வேர்வையில நனஞ்சு எல பிரிஞ்சுபோயி.

"எங்க போயி நின்னாலும் யாராச்சும் மூச்சு விட்டுட்டுத்தான் இருக்கறாங்க மரகதம்"னாரு. அப்பறம், நான் அவரு வாயில இருந்து ஒரு நாளும் கேக்காத ஒண்ணைச் சொன்னாரு.

"எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும் பயந்தானுங்க, இத்தனை நாள் ஒத்தையாப் பயந்தேன். உள்ள வந்து ஒக்காருங்கன்னு கூப்பிட்டு, ரெண்டு பேருக்கும் சோத்தைப் போட்டேன்.